மேலிருந்து பார்க்கக் கற்றவன்

என் தம்பி சென்னய்யா எதையெல்லாம் பெற்றான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவிலிருந்து பள்ளி இறுதி வகுப்பில் தேறிய முதல் ஆள் அவன். பரீட்சைக்கு முந்திய மாதம் அம்மை கண்டு வேப்பிலைப் படுக்கையில் கிடந்துவிட்டு, முகத்தில் புண் ஆறாமலே போய் எழுதினான். மதுரையில் இன்டர்மீடியட் படித்தபோது சொந்தமாக ஒரு புத்தகமும் கிடையாது. மற்றவர்கள் பந்து விளையாடப் போகும் நேரத்தில் அவர்களுடைய புத்தகங்களை வாங்கிப் படித்து, கணக்கில் முதலாவதாக வந்தான். அதன் பிறகு கிண்டி இஞ்சினியரிங் காலேஜில் இடம். அங்கே நில மட்டம் பார்க்கும் பயிற்சியில் பரிசு. ஹாஸ்டல் ஓட்டப் பந்தயத்தில், தறிக்குழியில் தொங்கிப் பழகிய காலை வைத்துக்கொண்டு, இரண்டாவதாக வந்தான். முன்னால் ஓடியவர்களில் ஒருவன் இடறி விழுந்தான் என்று அவனே சொன்னான். அதையும் எழுதிவிடுவதுதான் முறை. இஞ்சினியர் பட்டம். இன்று துங்கபத்திரை அணை வேலை. அவன் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்து அங்கே கல் அடுக்குகிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அவன் பெற வேண்டியிருந்தது ஒன்று உண்டு. ஒரு தாளின் கீழ் மூலையில் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளும் உரிமை. அது கிடைக்காமல் போயிருந்தால் மற்றதெல்லாம் வந்திருக்காது. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

நான் அவனைவிட எட்டு வயது மூத்தவள். பெயர் பஞ்சம்மாள். ஐந்தாவது வரை படித்தேன். எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம். தெருவில் இறங்கினால் தமிழ். நாங்கள் வீட்டுக்குள் பேசிக்கொண்டதையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். என்னைக் கொடுத்த வீடும் அதே தெருவில்தான் என்பதால், கல்யாணத்துக்குப் பிறகும் அப்பாவின் தறிக்குத்தான் தினமும் வேலைக்குப் போனேன். அப்பா பெயர் அப்பய்யா. பூக்கரைச் சேலை நெய்வதில் அவருக்கு ஊரில் பெயர் இருந்தது.

பூக்கரை நெய்கிற விதத்தைச் சொன்னால்தான் தம்பியின் கதை விளங்கும். கரையில் பூவோ பறவையோ வருகிற சேலையை நாங்கள் முகம் கீழே பார்க்க நெய்வோம். முகம் மேலே இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் நிறைய நூலைத் தூக்க வேண்டும்; கால் தாங்காது. அதனால் நெய்கிறவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் சேலையின் முதுகுதான். அழகெல்லாம் அடியில் இருக்கும். சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்காக, கால் தொங்கும் குழிக்குள் ஒரு கண்ணாடியை மல்லாத்தி வைத்திருப்போம். நாலு விரல் நெய்ததும் குனிந்து கண்ணாடியைப் பார்ப்போம். மேலே நூல் பிசிறாகக் கிடக்கும்; குழியின் இருட்டில், கண்ணாடிக்குள், சிவப்பு அன்னம் நீந்திக்கொண்டிருக்கும்.

சென்னய்யா தவழ்ந்த வயதிலேயே தறிக்குழி ஓரத்தில் குப்புறப் படுத்து அந்தக் கண்ணாடியைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். கோடைப் பகலில் தெரு முழுதும் தறிச் சத்தம் ஒரே சீராக விழுந்துகொண்டிருக்கும். வெளியே வெயிலில் எதிர்வீட்டுச் சுவர் நெளிவதுபோல் தெரியும். இவன் தலையைக் குழிக்குள் தொங்கவிட்டு அசையாமல் கிடப்பான். தூங்கிவிட்டான் என்று நினைத்துத் தொட்டால் கண் திறந்திருக்கும்.

"அக்கா, கீழ ஒரு ஊரு இருக்கு," என்பான்.

"அங்க யாரு இருக்கா?"

"நீ இருக்கே. அப்பா கால் இருக்கு. பறவையெல்லாம் இருக்கு. சத்தந்தான் இல்ல."

பத்து வயதில் கரைக்குப் பூப்போடும் படத்தை அவனே வரைந்து கொடுக்க ஆரம்பித்தான். அதிலும் ஒரு கணக்கு உண்டு. சேலையைத் திருப்பும்போது இடது வலதாகிவிடும். அன்னம் கிழக்கே பார்க்க வேண்டுமானால் தாளில் மேற்கே பார்க்கும்படி வரைய வேண்டும். பெரியவர்களே அதில் தடுமாறுவார்கள். அவனுக்கு யோசனையே தேவைப்படவில்லை. கண் ஒரு பக்கம் பார்க்கும். கை தானாக மறு பக்கம் போடும். அப்பா அந்தக் கையைப் பார்த்துத்தான் இவனைப் படிக்க விடலாம் என்று தீர்மானித்தார் என்று நினைக்கிறேன். வாய் திறந்து அவர் சொல்லவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்காம் ஆண்டு, ஆனி மாதக் கடைசியில் அவன் காலேஜுக்குப் புறப்பட்டான். சண்டைக் காலம். பெட்ரோல் கிடையாது என்று பஸ்ஸின் பின்னால் அடுப்புக் கட்டிக் கரி போட்டு ஓட்டினார்கள். விருதுநகர் போய் ரயில் ஏற வேண்டும். பாளையம்பட்டி தாண்டும்வரை பஸ்ஸின் புகை தெரிந்தது. எங்கள் தெரு நெசவாளர் சங்கத்தார் அவன் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு நிபந்தனைதான்: எந்தப் பாடத்திலும் தவறக் கூடாது. ஒரே ஒரு பாடத்தில் தவறினாலும் உதவி நின்றுவிடும்; அடுத்த பையனுக்குப் போகும். அது நியாயம்தான். எங்களால் ஒரு வருஷம்கூடச் சொந்தமாகப் படிக்க வைக்க முடியாது என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அவன் காலேஜை நான் பார்த்ததில்லை. ஆனால் கண்ணை மூடினால் அந்த இடம் எனக்கு வரும். சிவப்புக் கட்டடம்; நீளமான நடை; அதன் இரு பக்கமும் தூண்கள். விடிகாலையில் பக்கத்துக் காட்டிலிருந்து மான்கள் பாதைக்கு வந்து நிற்குமாம். இவன் பல் துலக்கப் போகும்போது அவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயுமாம். விளக்குகளுக்கெல்லாம் சண்டைக்காகக் கறுப்பு மூடி. ஒர்க்‌ஷாப்பில் காக்கி அரைக்கால்சட்டை போட்டுக்கொண்டு ஆளுக்கு ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவ வேண்டும். அது நாலு பக்கமும் சமமாக வந்தால்தான் விடுவார்கள். ராவி ராவி அவன் துண்டு வெல்லக்கட்டி அளவுக்குச் சின்னதாகிப் போயிற்றாம். நான் தறியில் உட்கார்ந்து நாடாவை வீசும்போது, அந்த அரம் போகிற சத்தத்தையும் சேர்த்துக் கேட்பதுபோல் இருக்கும். எங்கள் இரண்டு பேர் கையும் ஒரே நேரத்தில் போய்வந்துகொண்டிருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு.

ஹாஸ்டலில் அவனோடு ஒரே அறையில் இருந்தவன் காசிராஜன். திருச்சுழிப் பக்கத்து வெள்ளாமைக் குடும்பம். நிலம் நிறைய, மழை குறைச்சல் என்று சொல்வான். எங்கள் ஊர் வழியாகத்தான் அவன் ஊருக்குப் போக வேண்டும். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் லீவுக்கு இருவரும் சேர்ந்து வந்து இறங்கினார்கள். திருச்சுழி பஸ் மத்தியானத்துக்கு மேல்தான் என்பதால் காசிராஜன் அப்பா வீட்டுக்குச் சாப்பிட வந்தான். தம்பி கையில் பெட்டியோடு ஒரு நீளமான தாள் சுருளும் இருந்தது. உள்ளே வந்ததும் அதை மூலையில் சாத்திவிட்டு, அந்தப் பக்கமே பார்க்காமல் உட்கார்ந்தான்.

காசிராஜன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அக்கா, உங்க தம்பிக்கு அங்க பேரு மாத்தியாச்சு தெரியுமா?" என்றான்.

"என்ன பேரு?"

"பாதாளம்."

"ஏலே, சாப்பிட்டு எந்திரி," என்றான் சென்னய்யா.

"இருலே, அக்காவுக்குத் தெரியணும்ல. அக்கா, டிராயிங் வகுப்புல ஒரு சாமானைக் குடுத்து, இதை மேலருந்து பாத்தா எப்படி இருக்கும், வரைன்னு சொல்வாக. எல்லாரும் மேலருந்து பாத்து வரைவோம். உங்க தம்பி மட்டும் பூமிக்கு அடியில போயி அண்ணாந்து பாத்து வரைவான். வலது பக்கம் இருக்குற கைப்பிடி இடது பக்கம் இருக்கும். கோடெல்லாம் அவ்வளவு சுத்தம், மாஸ்டரே பாத்துட்டே நிப்பாக. பாத்துட்டு, சிவப்புப் பென்சில எடுத்து குறுக்க ஒரு கோடு."

"எல்லாத்துலயுமா?" என்று கேட்டேன்.

காசிராஜன் சிரிப்பை நிறுத்தினான். "எல்லாத்துலயும்" என்றான்.

அப்போதுதான் அந்த விதியைச் சொன்னார்கள். தாள் தேறினால்தான் மூலையில் மாணவன் தன் பெயரை மையால் எழுதித் தேதி போடலாம். அதுவரை பென்சிலால் எண் மட்டும். மற்றப் பையன்கள் ஐந்தாறு தாளில் பெயர் போட்டுவிட்டார்கள். காசிராஜன் சாட்டை சொடுக்கியதுபோல் கடைசி எழுத்தை இழுத்துவிட்டு ஒரு கையெழுத்துப் பழகியிருந்தான்; அடுப்புச் சுவரில் கரியால் போட்டும் காட்டினான். சென்னய்யா பெயர் ஒரு தாளிலும் இல்லை. மார்ச் மாதம் முடிவதற்குள் எல்லாத் தாளும் தேற வேண்டும். இல்லாவிட்டால் டிராயிங்கில் தவறியதாகக் கணக்கு.

"சொன்னா வெளங்குதுக்கா," என்றான் சென்னய்யா, இலையைப் பார்த்தபடி. "மாஸ்டர் தப்பைக் காட்டுனா, ஆமான்னு உடனே தெரியுது. திருத்திடுறேன். அடுத்த சாமானைக் கையில எடுத்தா கை பழையபடி போயிருது. வரைஞ்சு முடிச்சுப் பாத்தா எனக்கு அது சரியாத்தான் தெரியுது. சரியாத் தெரியிறதை எப்படி மாத்துறது?"

அப்பா, "தம்பிக்கு ரசம் ஊத்து" என்று காசிராஜனைக் காட்டி என்னிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

காசிராஜன் பஸ்ஸுக்குப் போன பிறகு சென்னய்யா தறி இருந்த அறைக்குள் வந்தான். அங்கே எங்களுக்கு இரண்டு குழிகள். ஒன்றில்தான் வெகுநாளாக வேலை நடந்தது. இரண்டாவது குழியை அப்பா அந்த வாரம் தூர் எடுத்து, புதுச் செம்மண் பூசி, ஈரம் காயவிட்டிருந்தார். சென்னய்யா அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது யாருக்கு?"

"ரேஷன் சேலை ஆர்டர் வருது. ரெண்டு தறி ஓடுனா நல்லதுன்னு அப்பா சொன்னாக," என்றேன். அதுதான் அப்பா என்னிடம் சொன்னதும். ஆனால் மண் பூசும்போது அவர் குழியின் ஆழத்தைக் கூட்டிக் கொத்தினார். தம்பியின் கால் எங்கள் எல்லாரையும்விட நீளம்.

அவன் முதல் தறியில் ஏறி உட்கார்ந்தான். நான் விட்டுவைத்திருந்த இடத்திலிருந்து நெய்தான். கை மறக்கவில்லை. மிதி, வீச்சு, அடி. நான் பக்கத்தில் உட்கார்ந்து ராட்டையில் நாடாவுக்கான தார் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். மார்கழி வெயில் ஓட்டுச் சந்து வழியாக விழுந்து, அவன் முட்டியில் ஒரு காசு அளவுக்கு நின்றது. எனக்கு அவன் ஊரைவிட்டுப் போகவே இல்லை என்று தோன்றியது. கிண்டியும் மானும் கறுப்பு மூடி போட்ட விளக்கும் அந்தக் குழிக் கண்ணாடிக்குள் நாங்கள் பார்த்த ஊர்போல் ஆகிவிட்டன.

நாலு விரல் நெய்ததும் அவன் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

"கண்ணாடி எங்கக்கா?"

"எடுத்தாச்சு. இது பூவில்லாத சேலைதானே. ரேஷன் துணிக்கு மேல என்ன, கீழ என்ன? எனக்குத் தலை சீவ வேணுமேன்னு வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன்."

அவன் குனிந்தபடியே இருட்டுக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக நிமிர்ந்து நெய்த துணியைப் பார்த்தான். மறுபடி குனிந்தான். மறுபடி நிமிர்ந்தான்.

"பூ இல்லைன்னு தெரியும். தெரிஞ்சும் குனிஞ்சேன் பாத்தியா," என்றான்.

"பழக்கம்."

"அதான். அங்கயும் நான் குனிஞ்சுதான் பாத்துட்டு இருக்கேன். மரத்துண்டைக் குடுத்தாலும் இரும்பைக் குடுத்தாலும், அதோட முகம் கீழதான் இருக்கும்னு என் கண்ணு நினைச்சுக்கிருது. காசிராஜன் சொன்னது கேலி இல்ல. நான் நெசமாவே அடியிலதான் இருக்கேன்."

அவன் முகத்தில் கலக்கம் இல்லை. நெடுநாளாகத் தேடிய அறுந்த நூல் கையில் பட்டதுபோல் இருந்தது. ஆனால் நூல் எங்கே அறுந்தது என்று தெரிவது ஒன்று, முடிச்சுப் போடுவது வேறு. பத்து வருஷத்துப் பழக்கத்தை மூன்று மாதத்துக்குள் எப்படி மாற்றுவது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அந்த வாரம் எனக்குத் திருச்சுழி பூமிநாதர் கோயிலில் ஒரு நேர்த்தி செலுத்த வேண்டியிருந்தது. துணைக்குத் தம்பியை அழைத்துக்கொண்டு போனேன். கோயிலை முடித்துவிட்டு, காசிராஜன் வரச்சொல்லியிருந்ததால் அவன் ஊருக்கு நடந்தோம். கரிசல் காடு. குண்டாற்று மணல் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது; ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆற்றைத் தாண்டியதும் காசிராஜன் வீட்டுக் கிணற்றடியில் மட்டும் ஒரு துண்டு பச்சை. சோளம் கதிர் முற்றி நின்றது. கிணற்றில் கமலை கட்டி இரண்டு மாடுகள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன. சோளத்தின் நடுவே குருவி விரட்டுவதற்காக நாலு கம்பு நட்டு உயரமாகப் பரண் போட்டிருந்தார்கள்.

காசிராஜனின் அம்மா மாயக்காள் எங்களுக்கு மோர் கொடுத்தார்கள். "இவுகதான் பாதாளமா?" என்று தம்பியைப் பார்த்துக் கேட்டார்கள்.

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டியாலே?" என்றான் சென்னய்யா.

"அம்மாட்ட மட்டுந்தான் சொன்னேன். அம்மா ஊருக்குச் சொல்லிருச்சு."

சென்னய்யா பரணைப் பார்த்தான். "அதுல ஏறலாமா?"

"ஏறு. பூமிக்கு அடியில இருந்தவன் வெளிய வந்தாலே பெரிய காரியம். கம்பு ஒடிஞ்சா எங்கப்பாட்ட நீதான் பதில் சொல்லணும்."

அவன் ஏறினான். காசிராஜனும் பின்னால் ஏறினான். நான் கீழே கிணற்று மேட்டில், தொட்டியிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் நின்றேன். காற்று சோளத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. மாடுகள் சரிவில் இறங்குவதும் பின்னால் ஏறுவதுமாக இருந்தன. கமலை உருளை ஒரே மாதிரி முனகியது. பிறகு மேலேயிருந்து அவன் குரல் கேட்டது. தூக்கத்தில் பேசுகிற குரல்போல இருந்தது.

"காசிராஜா, இங்கருந்து மாட்டுக்குக் காலே இல்லடா. பலகை மாதிரி முதுகு மட்டும் நகருது. அக்காவுக்கு முகமே இல்ல. ஒரு வகிடுதான் இருக்கு."

"கொம்பையும் சேத்து வரைஞ்சு மாஸ்டர்ட்ட குடு. எருமையா பசுவான்னு அவுக கேப்பாக."

சென்னய்யா மடியிலிருந்து தாளும் பென்சிலும் எடுத்து வரைந்தான். கிணறு சதுரம், மாடு நடக்கும் சரிவு நீளப் பட்டை, தண்ணீர் விழுகிற தொட்டி, அதிலிருந்து போகிற வாய்க்கால். வரைந்ததைச் சுருட்டி என்னிடம் போட்டான். நான் அவன் பார்த்த திசையிலேயே திரும்பி நின்று, தாளை முன்னால் பிடித்துப் பார்த்தேன். எனக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. ஆனால் இடது கை வலது கை தெரியும்.

"சென்னய்யா, வாய்க்கால் எனக்குச் சோத்தாங்கைப் பக்கம் போகுது. இதுல பீச்சாங்கைப் பக்கம் போகுது."

காசிராஜன்கூடக் கேலி செய்யவில்லை. பரண்மேல் ஏறி நின்றும் அவன் கண் மட்டும் குழிக்குள்ளேயே இருக்கிறது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் அப்பா செம்மண் பூசி வைத்த குழிதான் எனக்கு நினைவு வந்தது. அதன் ஈரம்கூட இந்நேரம் காய்ந்திருக்கும்.

பிறகு நான் பார்த்தது இதுதான். பரணின் தளம் கம்புகளை அடுக்கிக் கட்டியது. நடுவில் சந்துகள் உண்டு. அவன் அந்தத் தளத்தில் குப்புறப் படுத்தான். சின்ன வயதில் தறிக்குழி ஓரத்தில் படுப்பானே, அதேபோல. வலது கையைத் தளத்தின் ஓரத்துக்கு வெளியே, கீழ்நோக்கித் தொங்கவிட்டான். விரலை நீட்டி வாய்க்காலின் மேலே வைப்பதுபோல் நகர்த்தினான். வாய்க்கால் போகிற பக்கமே விரலும் போயிற்று. கையை மடக்கினான், நீட்டினான். அப்படியே கிடந்தான்.

"அக்கா, என் கை வாய்க்காலுக்கு மேல இருக்கு," என்றான்.

"மேல இருந்தா மேலதானே இருக்கும்?"

"கண்ணாடியில பாக்கும்போது என் கை எனக்குத் தெரியவே தெரியாதுக்கா. அங்க பூ மட்டுந்தான் இருக்கும். இங்க கையும் தெரியுது, வாய்க்காலும் தெரியுது. ரெண்டும் ஒரே பக்கம் போகுது."

படுத்த வாக்கிலேயே, இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு, வலது கையை ஒவ்வொரு தடவையும் கீழே நீட்டி நகர்த்திப் பார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொரு கோடாகப் போட்டான். சின்னப் படம்தான், அதற்கே வெயில் சாய்ந்துவிட்டது. மறுபடியும் எனக்குப் போட்டான். வாய்க்கால் சோற்றுக்கைப் பக்கம் போயிற்று.

"சரியா இருக்கு," என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியுது?"

"நான் இங்க நிக்கிறேன்ல. தண்ணி என் காலை நனைச்சுட்டுத்தான் அந்தப் பக்கம் போகுது."

ஜனவரியில் திரும்பிப் போன பிறகு நடந்ததைக் காசிராஜன் ஒரு விதமாகவும் சென்னய்யா ஒரு விதமாகவும் சொன்னார்கள். இருவரும் ஒத்துக்கொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

டிராயிங் ஹாலில் ஒவ்வொருவருக்கும் சாய்ந்த பலகையும் உயர ஸ்டூலும் உண்டு. பொருளை மேசைமேல் வைத்துவிட்டு எல்லாரும் சுற்றி உட்கார்ந்து வரைவார்கள். சென்னய்யா தன் பொருளைத் தரையில் வைத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு மேசைமேல் ஏறினான். அங்கே முட்டி போட்டுக் குனிந்து, வலது கையைக் கீழே தொங்கவிட்டு விரலால் காற்றில் கோடு போட்டான். ஹால் முழுதும் சிரித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டு மாஸ்டர் வந்தார்.

"யார் அது மேசைமேல்?"

"சென்னய்யா, சார்."

"என்ன செய்கிறாய்?"

"மேலேயிருந்து பார்க்கிறேன், சார்."

"ஸ்டூலில் உட்கார்ந்தால் தெரியாதா?"

"எனக்குத் தெரியாது, சார்," என்றான் இவன். யாரும் சிரிக்காத அளவுக்கு அதை அமைதியாகச் சொன்னான் என்று காசிராஜன் சொன்னான்.

மாஸ்டர் தரையில் இருந்த பொருளையும் மேசைமேல் இருந்த அவனையும் பார்த்தார். பிறகு, "மேசை கறைபடாமல் பார்த்துக்கொள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வாரக்கணக்காக அவன் மேசை ஏறித்தான் வரைந்தான். பாதாளம் என்ற பெயர் போய்ப் பரண் என்று ஆயிற்று. அந்தப் பெயர் பட்டம் வாங்கும்வரை நின்றது.

கை ஒரே நாளில் திருந்திவிடவில்லை. நாலு தாள் சரியாக வந்தால் ஒன்று பழையபடி போகும். போனதைக் கிழிக்காமல் பலகைக்கு மேலே குத்தி வைத்துக்கொண்டு மறுபடி வரைவான். மற்றவர்கள் விளையாடப் போன பிறகும், ஹாலைப் பூட்டுகிற ஆள் சாவியை ஆட்டிக்கொண்டு நிற்கும்வரை இவன் பலகை முன்னாலேயே இருப்பான். மாஸ்டரிடம் ஒரு தாளையும் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் முடித்துத்தான் கொடுப்பது என்று இருந்தான். அரைகுறையாகக் கொடுத்து, மறுபடி ஒரு சிவப்புக் கோட்டைப் பார்த்தால் தன் கை பயந்துவிடும் என்று நினைத்தானாம்.

வீட்டில் அப்பா இரண்டாவது குழியில் யாரையும் உட்காரவிடவில்லை. ரேஷன் ஆர்டர் வந்தது. ஒரு தறியிலேயே நெய்தோம். "அந்தத் தறியையும் ஓட்டலாமே" என்று ஒருநாள் சொன்னேன். "மார்ச் முடியட்டும்" என்றார். சௌடேஸ்வரி அம்மனுக்கு விளக்குப் போடப் போகும்போதெல்லாம், என் தம்பி கை அவன் பக்கமே போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அம்மனுக்கு அது விளங்கியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அவன் எல்லாத் தாளையும் கொண்டுபோய்க் கொடுத்த அன்று, மாஸ்டர் ஒவ்வொரு தாளையும் மேசைமேல் விரித்தார். அந்தந்தத் தாளுக்குரிய பொருளை வரவழைத்து, படத்துக்குப் பக்கத்தில் வைத்து, தானே எழுந்து நின்று மேலேயிருந்து பார்த்தார். ஒவ்வொன்றையும் அப்படிப் பார்க்க நேரம் ஆயிற்று. சிவப்புப் பென்சில் அவர் காதோரம் செருகியபடி இருந்தது. கடைசித் தாளைப் பார்த்து முடித்தபோதும் அது அங்கேயேதான் இருந்தது.

"இன்னும் ஒன்று," என்றார். அலமாரியிலிருந்து இதுவரை யாரும் பார்க்காத ஓர் இரும்புச் சாமானை எடுத்தார். ஒரு பக்கம் நீண்ட கை. மறு பக்கம் பல். அதை அவனுடைய பலகைக்குப் பக்கத்தில் வைத்து, "இப்போதே வரை. மேசை ஏறாதே" என்றார்.

இதைச் சொல்லும்போது காசிராஜன் நிறுத்திவிட்டு வெற்றிலை போட்டுக்கொள்வான். நான் எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் நிறுத்துவான்.

சென்னய்யா ஸ்டூலில் உட்கார்ந்தான். கண்ணை மூடிக்கொண்டான். தூங்குகிறானோ என்று பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்களாம். தனக்கு அப்போது என்ன தெரிந்தது என்று அவன் பின்னால் என்னிடம் சொன்னான். பரணின் சந்து வழியாகச் சோளம், அதற்குக் கீழே கரிசல் மண், மேலே தன் கை. வாய்க்கால் ஓரத்தில் என் தலை வகிடு. கண்ணைத் திறந்து, வலது கையைப் பொருளுக்கு மேலே ஒருமுறை நீட்டி எடுத்துவிட்டு, வரையத் தொடங்கினான். முடித்ததும் மாஸ்டர் அந்த இரும்பைத் தூக்கிப் படத்தின் மேலேயே வைத்தார். நீண்ட கை நீண்ட கைமேல் உட்கார்ந்தது. பல்லின் பக்கம் பல் இருந்தது.

அவர் இரும்பை எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டே, "மை இருக்கிறதா?" என்று கேட்டார்.

மை இருந்தது. ஆகஸ்டு மாதம் வாங்கிய புட்டி. மூடி திறக்கவே இல்லை. காய்ந்து மூடி இறுகிப்போய், காசிராஜன் வாங்கிப் பல்லால் கடித்துத் திறந்தான். அவனுடைய சாட்டைக் கையெழுத்தைப்போல் ஒன்றை இவனும் போடுவான் என்று சுற்றி நின்றவர்கள் எதிர்பார்த்தார்கள். சென்னய்யா கையெழுத்து எதுவும் பழகியிருக்கவில்லை. வலது மூலை எது என்று கையை ஒருமுறை தாளுக்கு மேலே நீட்டிப் பார்த்துவிட்டு, எண்ணை ரப்பரால் அழித்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுகிற மாதிரி ஒவ்வோர் எழுத்தாகத் தன் முழுப் பெயரையும் எழுதினான். எல்லாத் தாளிலும் எழுதினான். அலமாரிச் சாமானை வரைந்த தாளை மாஸ்டர் அவனிடமே கொடுத்துவிட்டார். அது இப்போது எங்கள் தறி அறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. இரண்டாவது குழியில் நான் நெய்கிறேன். எனக்கு அது கொஞ்சம் ஆழம்தான். காலுக்கு ஒரு பலகை போட்டுக்கொண்டிருக்கிறேன். சண்டை முடிந்து பூக்கரை ஆர்டர் மறுபடி வந்ததும் கண்ணாடியைக் குழிக்குள் கொண்டுவந்து வைத்தேன். நாலு விரல் நெய்துவிட்டுக் குனிந்து அன்னத்தைப் பார்ப்பேன். நிமிரும்போது சுவரில் தம்பியின் பெயர் தெரியும். அதன் கீழே அவன் கையாலேயே போட்ட தேதியும் இருக்கிறது: 1945 மார்ச் 9, வெள்ளிக்கிழமை.